உறவுமுறைப் பெயர்களும் குழந்தை மருத்துவத்தில் குடிவழி வரலாறும்

1. தோற்றுவாய்

குழந்தை மருத்துவமனைகளின் புறநோயாளர் பிரிவில் நாள்தோறும் ஒருவகை வரலாறு எழுதப்பட்டு வருகின்றது. எழுதுவோர் மருத்துவர், சொல்லுவோர் நோயுற்ற குழந்தையின் தாய், பாட்டி, அல்லது உடன்வந்த உறவினர். இக்குழந்தைக்கு முன் பிறந்தோர் எத்துணையர், அவருள் இறந்தோர் உளரோ, பெற்றோர் மணத்திற்கு முன்பே உறவினரோ, வீட்டில் யார்க்கேனும் இருமல் நெடுநாளாக உண்டோ, தாய்வழியிலோ தந்தைவழியிலோ வலிப்பும் செவிடும் நீரிழிவும் இருந்தனவோ என்னும் வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளின் தொகுதியே அவ்வரலாறு. மருத்துவர் அதனைக் குடும்ப வரலாறு என்பர். மூன்று தலைமுறையேனும் மேல்நோக்கிச் செல்வதாகலின் நாம் இக்கட்டுரையில் அதனைக் குடிவழி வரலாறு என்று வழங்குவோம்.

மருத்துவ நூலார்க்குரிய இப்பொருளைத் தமிழாராய்ச்சி இதழில் எடுத்துக்கொள்வது ஏன் என்னும் ஐயம் எழுதல் இயல்பே. குடிவழி வரலாறு முழுவதும் உறவுமுறைச் சொற்களால் ஆயது. தொல்காப்பியர் பெயரியலில் இருதிணைக்கும் பொதுவாகிய பெயர்களை வகுக்குமிடத்து, இயற்பெயர், சினைப்பெயர், சினைமுதற்பெயர் என்பவற்றோடு முறைப்பெயரையும் வைத்து எண்ணினார். அம்முறைப்பெயர்கள் இன்று மருத்துவர் கையிலுள்ள ஏட்டில் நோய்க்காரணம் காட்டும் சான்றுகளாகின்றன. அச்சான்றினைப் பிழையின்றிப் படித்தால் ஒரு குழந்தை பிழைக்கவும் கூடும். பிழைபடப் படித்தால் இல்லாத நோய் ஒரு குடியின்மேல் ஏற்றப்படவும் கூடும். ஆகவே, இவ்வினாக்கள் எவ்வாறு தோன்றி வளர்ந்தன என்பதனையும், தமிழ் முறைப்பெயர்கள் அவற்றுக்கு எங்குத் துணையாகின்றன, எங்குத் தடையாகின்றன என்பதனையும் முறையே ஆராய்வோம்.

2. வினாவின் தொன்மை

ஒரு குழந்தையின் நோயை அறிதற்கு அதன் உறவினரை நோக்கவேண்டும் என்னும் எண்ணம் மிகப் பழையது. யூதர்தம் சட்டத் தொகுப்பாகிய பாபிலோனியத் தால்முதில் இதற்குத் தெளிவான சான்று உள்ளது. யூதர் ஆண்மகவுக்குப் பிறந்த எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்வர். ஒரு தாயின் ஆண்மக்கள் முன்னர் இருவர் அச்சடங்கினால் இறந்திருப்பின் அடுத்த மகவுக்கு அதனைச் செய்தல் ஆகாது என்பார் ஓர் ஆசிரியர். மூவர் இறந்த பின்னரே விலக்க வேண்டும் என்பார் மற்றோர் ஆசிரியர். இவ்விருவரும் கி.பி. 2ஆம் நூற்றாண்டினர்.

அவ்விடத்திலேயே மற்றொரு நிகழ்ச்சியும் கூறப்படுகின்றது. செப்போரிஸ் என்னும் ஊரில் உடன்பிறந்த பெண்கள் நால்வர் இருந்தனர். மூத்தவள் மகன் சடங்கினால் இறந்தான். இரண்டாமவள் மகனும் இறந்தான். மூன்றாமவள் மகனும் இறந்தான். நான்காமவள் தன் மகவுடன் சிமியோன் பென் கமாலியேல் என்னும் ஆசிரியரிடம் வந்தபோது, அம்மகவுக்குச் சடங்கு செய்யவேண்டா என்று அவர் விலக்கினார். நான்காமவளுக்கு அதுகாறும் மகவு எதுவும் இறந்ததாகச் செய்தி இல்லை. இறந்தோர் அவள் தமக்கையர் மக்கள். அவ்வாறிருந்தும் தாய்வழியில் வரும் ஆபத்தை அவ்வாசிரியர் உணர்ந்தார். குருதி உறையாமை என்னும் நோய் பெண்களின் வழியே ஆண்மக்களுக்கு இறங்குவது என்று இன்று நாம் அறிவோம். நோயின் பெயரும் காரணமும் அறியப்படாத காலத்தில், உறவை மட்டும் வினவி அறிந்தே ஒரு குழந்தையின் உயிர் காக்கப்பட்டது.

நம் நாட்டிலும் இவ்வெண்ணம் இருந்தது. சுசுருத சங்கிதையின் முதற்பகுதி நோய்களை ஏழு வகையாகப் பகுக்கின்றது. அவற்றுள் முதலில் நிற்பது பெற்றோரின் வித்திலிருந்தே வருவது. தொழுநோய் முதலிய தோல் நோய்களையும் மூலத்தையும் எடுத்துக்காட்டி, தாய்வழி வருவன, தந்தைவழி வருவன என அவ்வகையை மேலும் இரண்டாகப் பிரிக்கின்றது அந்நூல். காட்டிய நோய்கள் யாவும் இன்று நாம் கருதும் பொருளில் வழிவழி வருவன அல்ல. எனினும், தாய்வழி, தந்தைவழி என்று பிரித்து நோக்கிய முறை போற்றத்தக்கது.

புதுக்காலத்தில் இதற்கு முதற் சான்றாகக் காட்டத்தக்கது 1803இல் வெளிவந்த ஒரு சிறு கட்டுரை. பிலடெல்பியா நகர மருத்துவர் ஜான் ஓட்டோ, சில குடும்பங்களில் காணப்படும் குருதிப்பெருக்கு இயல்பைப் பற்றி அதனை எழுதினார். எழுபது எண்பது ஆண்டுகட்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணினின்று அவ்வியல்பு இறங்கி வந்ததனைக் குடிவழி கேட்டு அறிந்த அவர், ஆண்களே நோயுறுகின்றனர், பெண்கள் நோயுறாதிருந்தும் தம் ஆண்மக்கட்கு அதனைத் தருகின்றனர் என்று முடிவு கூறினார். மெண்டல் என்பார் பட்டாணிச் செடிகளில் மரபு விதிகளைக் கண்டது இதற்கு அறுபது ஆண்டுகட்குப் பின்னரே என்பது நினைக்கத்தக்கது.

3. பெற்றோர் உறவும் தாயின் சொல்லும்

பெற்றோர் தமக்குள் உறவினரோ என்னும் வினா மருத்துவ ஏட்டில் நிலைபெற்றதற்கு ஆர்ச்சிபால்டு கார்ராடு என்னும் ஆங்கில மருத்துவர் பெரிதும் காரணராவர். இலண்டனிலுள்ள கிரேட் ஆர்மண்டு தெருக் குழந்தை மருத்துவமனையிலும் பணிபுரிந்த அவர், சிறுநீர் காற்றுப்பட்டுக் கருமை எய்தும் அல்காப்டன் நீர்நோயை ஆராய்ந்தார். இதனை நோய்க்கிருமியின் செயல் எனப் பலர் கருதிய காலம் அது. நோயுற்ற குழந்தைகளின் பெற்றோரை வினவியபோது, தாம் அறிந்த நான்கு குடும்பங்களுள் மூன்றில் தாயும் தந்தையும் உடன்பிறந்தாருடைய மக்கள் என்பதனைக் கண்டார். இங்கிலாந்தில் அத்தகைய மணம் அரிது. நோயோ அதனினும் அரிது. இரண்டும் ஒருங்கே நிற்றல் தற்செயலாகாது என்று 1901இல் எழுதினார். மெண்டலின் விதிகள் அதற்கு முந்திய ஆண்டில்தான் மீண்டும் வெளிப்பட்டிருந்தன. வில்லியம் பேட்சன் என்னும் உயிர்நூல் அறிஞர் கார்ராடின் செய்தியைக் கண்டு, தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறை வந்து சேர்ந்தாலன்றி வெளிப்படாத மரபு இது என விளக்கினார். 1902இல் கார்ராடு வெளியிட்ட கட்டுரை மாந்த மரபியலின் தொடக்கங்களுள் ஒன்றாக இன்று மதிக்கப்படுகின்றது. அதற்கு அடிப்படை, பெற்றோரிடம் கேட்ட ஓர் எளிய வினா.

தாயின் சொல்லுக்கு உள்ள மதிப்பை மற்றொரு வரலாறு காட்டும். நார்வே நாட்டில் ஒரு தாய்க்கு மகளும் மகனுமாக இரு மக்கள். இருவரும் பிறந்தபோது நலமாகவே காணப்பட்டு, பின்னர் அறிவு வளர்ச்சி குன்றினர். இரு குழந்தைகளிடத்தும் ஒரே வகையான வாடை வீசுவதைத் தாய் உணர்ந்தாள். மருத்துவர் பலரிடம் சென்று கூறினாள். அதனைப் பொருட்படுத்துவார் இல்லை. இறுதியில் அக்குழந்தைகள் ஆஸ்லோவில் இருந்த அஸ்பியோர்ன் ஃபோலிங் என்னும் மருத்துவரின் ஆய்வுக்கு வந்தனர். அவர் சிறுநீரில் பெரிக் குளோரைடைச் சேர்த்தபோது அது பச்சை நிறம் கொண்டது. அதன் பின்னர் 430 பேருடைய சிறுநீரை ஆராய்ந்து மேலும் எண்மரிடம் அந்நிலையைக் கண்டு, 1934இல் வெளியிட்டார். ஃபினைல்கீட்டோன் நீர்நோய் என இன்று வழங்கும் அந்நோயைப் பிறந்தவுடன் கண்டறிந்து உணவைத் திருத்தினால் அறிவுக்கேட்டைத் தடுக்கலாம். அவ்விரு மக்களுக்கு அப்பயன் கிட்டவில்லை. பின் பிறந்த பல்லாயிரவர்க்குக் கிட்டியது. உடன்பிறந்தார் இருவரிடம் ஒரே குறி உண்டு என்று தாய் விடாது கூறிய சொல்லே இதற்கு முதலாயிற்று.

4. வேலூர் தரும் சான்று

இனித் தமிழகத்தை நோக்குவோம். மாந்தரின் உறவுமுறைகளை ஒப்பிட்டு ஆராய்ந்த முதல்வருள் ஒருவரான லூயி ஹென்றி மார்கன், 1859இல், ஆர்க்காட்டு மிஷனைச் சார்ந்த ஸ்கடர் குடும்பத்துச் சமயப் பணியாளர் ஒருவரிடமிருந்து தமிழ் உறவுப்பெயர்களைக் கேட்டறிந்தார். தந்தையின் உடன்பிறந்தானையும் தாயின் உடன்பிறந்தானையும் வெவ்வேறு பெயரால் வழங்குதல், தந்தையின் உடன்பிறந்தான் மக்களை உடன்பிறந்தாராகவே கொள்ளுதல் முதலிய இயல்புகள், அமெரிக்கப் பழங்குடியினராகிய இராக்குவாய் மக்களிடத்தும் தமிழரிடத்தும் ஒத்திருப்பது கண்டு அவர் வியந்தார். 1871இல் அவர் வெளியிட்ட பெருநூலில் தமிழ் முறைப்பெயர்ப் பட்டியல் இடம்பெற்றது.

அதே ஸ்கடர் குடும்பத்திற் பிறந்த இடா ஸ்கடர் அம்மையார் 1900இல் வேலூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1902இல் அங்கு மருத்துவமனை எழுந்தது. வட ஆர்க்காட்டு மக்களின் நெருங்கிய உறவு மணங்களைப் பற்றிய ஆய்வுகள் 1960களில் வேலூரைச் சார்ந்தே நடைபெற்றன. சென்டர்வால் இணையர், தென்னிந்தியாவில் குருதியுறவு மணமும் பிறவிக் குறைகளும் குறித்த முன்னாய்வை 1966இல் வெளியிட்டனர். 1977இலும் அதனையடுத்தும் இராவ், இன்பராஜ் என்னும் இருவர் வெளியிட்ட விரிவான ஆய்வுகள், எதிர்பார்த்த அளவு பெரிய வேறுபாடு காணப்படவில்லை என்றன. இச்சிக்கல் இன்னும் முடிந்த முடிபு எய்தியதன்று. முறைப்பெயர்களை முதலில் உலகிற்கு அறிவித்த வட்டாரமே அம்முறைகளின் வழிவந்த குழந்தைகளின் உடல்நிலையை ஆராயும் களமாகவும் ஆயிற்று என்பதே ஈண்டு நாம் கருதத்தக்கது.

5. முறையும் குருதியும்

ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்னும் ஒரு சொல் பெரியப்பா, சித்தப்பா, மாமன் அனைவரையும் குறிக்கும். ‘கசின்’ என்பது ஆண்பாலா பெண்பாலா என்பதனைத் தானும் காட்டாது. தமிழோ தந்தைவழியையும் தாய்வழியையும் பிரிக்கின்றது. மூத்தாரையும் இளையாரையும் பிரிக்கின்றது. குருதி உறையாமை நோய்க்கு இன்றியமையாத வினா, தாயின் உடன்பிறந்த ஆண்களுக்கு அந்நோய் இருந்ததா என்பது. ‘தாய்மாமன்’ என்னும் ஒரே சொல்லால் அதனைத் தமிழில் கேட்டுவிடலாம். ஆதலின் தமிழ் முறைப்பெயர்கள் மருத்துவர்க்கு ஆங்கிலப் பெயர்களினும் சிறந்த கருவிகள் என்று முடிவுகட்டத் தோன்றும்.

அம்முடிவு முற்றும் பொருந்தாது. முறைப்பெயர் காட்டுவது முறையை, குருதியை அன்று. ‘மாமா’ என்னும் பெயர் தாயின் உடன்பிறந்தானைக் குறிக்கும். அத்தையின் கணவனையும் குறிக்கும். மனைவியின் தந்தையையும் கணவனின் தந்தையையும் குறிக்கும். ‘பெரியப்பா’ தந்தையின் தமையனும் ஆவார். தாயின் தமக்கையை மணந்தவரும் ஆவார். ‘சித்தி’ தாயின் தங்கை. சித்தப்பாவின் மனைவியும் அவளே. தந்தை பின்னர் மணந்தவளும் அவளே. இவருள் ஒருவர் குழந்தையோடு குருதித் தொடர்புடையவர், மற்றவர் தொடர்பற்றவர். அவ்வாறே ‘அண்ணனுக்கு வலிப்பு’ என்றால், அவன் உடன்பிறந்த அண்ணனா, ஒன்றுவிட்ட அண்ணனா என்பது பெயரளவில் விளங்காது. யாரை மணக்கலாம், யாரை மணத்தலாகாது என்பதனைக் காட்டவே இப்பெயர்கள் அமைந்தன. அத்தை மகளும் பெரியப்பா மகளும் குருதியால் ஒரே அளவு நெருங்கியவர். முறையாலோ முன்னவள் மணத்திற்குரியவள், பின்னவள் உடன்பிறந்தாள்.

தாய்மாமன் தன் தமக்கை மகளை மணக்கும் வழக்கை எடுத்துக்கொள்வோம். அவர்க்குப் பிறந்த குழந்தைக்குத் தாயைப் பெற்ற பாட்டியே தந்தையின் தமக்கையும் ஆவாள். வீட்டில் அவளைப் பாட்டி என்றே அழைப்பர். அத்தை என்னும் உறவு மறைந்து நிற்கும். மருத்துவர், ‘பாட்டிக்கு நோய் உண்டா?’ என்று ஒருமுறையும், ‘தந்தையின் உடன்பிறந்தார்க்கு உண்டா?’ என்று ஒருமுறையும் வினவி, இரண்டிற்கும் ‘ஆம்’ என விடை பெற்றால், நோயாளர் இருவர் எனக் குறிப்பார். உண்மையில் அவர் ஒருவரே. தந்தையைப் பெற்றவளோ தாய்வழியில் கொள்ளுப்பாட்டியும் ஆவாள். குடிவழிப் படத்தில் ஆணைச் சதுரத்தாலும் பெண்ணை வட்டத்தாலும் காட்டி, உறவினர் மணத்தை இரட்டைக் கோட்டால் குறிப்பர். இக்குறியீடுகளை ஒழுங்குபடுத்தும் பரிந்துரைகள் 1995இல் அமெரிக்காவில் வெளியாயின. மாமன் மணத்தை வரையும்போது அவ்விரட்டைக் கோடு ஒரு தலைமுறையினின்று மறு தலைமுறைக்குச் சாய்ந்து செல்லும். இத்தகைய மணத்தில் பிறந்த குழந்தை, ஒரு மரபுக்கூற்றின் இரு படிகளையும் ஒரே முன்னோரிடமிருந்து பெறும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அத்தை மகள், மாமன் மகள் மணத்தில் அது பதினாறில் ஒன்று. ‘சொந்தத்தில் மணம்’ என்று மட்டும் எழுதி நிறுத்தினால் இவ்வேறுபாடு மறையும்.

இத்தடையை முன்னரே உணர்ந்தவர் ஒருவர் உளர். வில்லியம் ரிவர்சு என்னும் ஆங்கில அறிஞர் பயிற்சியால் மருத்துவர். அவர் 1898இல் டாரஸ் நீரிணைத் தீவுகளில் குடிவழி திரட்டும் முறை ஒன்றை வகுத்து, 1900இல் அதனை வெளியிட்டார். பின்னர் நீலகிரியில் தோடரிடையே தங்கி அதே முறையைக் கையாண்டு 1906இல் நூல் இயற்றினார். முறைப்பெயர்கள் பலரைத் தழுவுவன ஆதலின், தந்தை, தாய், குழந்தை, கணவன், மனைவி என்னும் ஐந்தே சொற்களால் வினவவேண்டும் என்பது அவர் நெறி. ஒருவரின் உண்மைத் தாய் யார், அவளுக்குப் பிறந்தோர் யாவர், அவருள் ஒவ்வொருவரும் யாரை மணந்தனர் என்று படிப்படியாகக் கேட்டுச் சென்றால் உறவு தானே விளங்கும். தோடரிடையே ‘தந்தை’ என்னும் சொல்லும் அவரைச் சோதித்தது. உடன்பிறந்தார் பலர் ஒருத்தியை மணக்கும் வழக்கமுடைய அம்மக்களிடையே, கருவுற்ற காலத்தில் வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கைச் செய்தவனே தந்தை எனப்பட்டான். சொல்லின் பொருளை ஊராரிடம் கற்ற பின்னரே வரலாறு எழுதலாகும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

இன்னொரு மயக்கமும் உண்டு. குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய், குழந்தையின் நிலையில் நின்று பேசுவாள். ‘தாத்தாவுக்குச் சர்க்கரை’ என்பாள். அவர் அவள் தந்தையா மாமனாரா என்பது விளங்காது. ‘அப்பாவுக்கு இழைப்பு’ என்பாள். அவர் கணவரா அவளைப் பெற்றவரா என்பது விளங்காது. பழந்தமிழில் இம்மயக்கத்திற்கு இடமில்லை. எந்தை, நுந்தை, தந்தை எனவும், யாய், ஞாய், தாய் எனவும், யாருடைய தந்தை, யாருடைய தாய் என்பதனைச் சொல்லே காட்டிற்று. குறுந்தொகையின் 40ஆம் பாட்டில் தலைவன், தம் இருவருடைய பெற்றோரும் முன்பு ஒருவர்க்கொருவர் எவ்வுறவினர் என எண்ணிப் பார்க்கும் இடத்தில் இப்பெயர்கள் எத்துணைத் தெளிவாக நிற்கின்றன என்பதனைக் கற்றோர் அறிவர். மருத்துவர் இன்று பெற்றோரிடம் கேட்கும் வினாவும் அதுவே. தன்மை, முன்னிலை, படர்க்கை காட்டிய அவ்வேறுபாடு வழக்கொழிந்தமையால், இன்று ‘உங்களைப் பெற்ற அப்பாவா, குழந்தையின் அப்பாவா?’ என்று விரித்துக் கேட்க வேண்டியுள்ளது. உடன்பிறந்த, ஒன்றுவிட்ட, தாய்வழி, தந்தைவழி என்னும் அடைகள் இன்றும் நம்மிடம் உள்ளன. அவற்றைத் தவறாது வழங்கினால் போதும்.

6. சொல்லாது விடப்படுவன

சொற்கள் தெளிவாயினும் விடை தெளிவாதல் உறுதியன்று. ‘எத்தனை குழந்தைகள்?’ என்றால் உயிரோடிருப்போரை மட்டும் எண்ணிக் கூறுவர். பெயரிடுமுன் இறந்த மகவு எண்ணிக்கையில் வாராது. எத்தனை முறை கருவுற்றாள் என்று கேட்டால்தான் அவ்விழப்பு வெளிப்படும். காசநோயின் பெயரைக் கூற அஞ்சிக் குழந்தைக்குப் ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ என்பர். ஈளை நோயை ‘நெஞ்சுச்சளி’ என்பர். மாமியார் அருகிலிருக்கத் தன் பிறந்தகத்தில் வலிப்பு உண்டு என்று கூற எந்த மருமகள் துணிவாள்? அவ்விடை குழந்தைக்கு மருந்தாகுமுன் அவளுக்குப் பழியாகும். ஆகவே, சில வினாக்களைத் தாயைத் தனியே அழைத்துக் கேட்பதும், பழி கூறுதற்கன்று என்பதனை முன்னரே உணர்த்துவதும் மருத்துவர் கடன்.

இவ்வச்சம் வீணானதன்று என்பதற்கு வரலாறு சான்று பகரும். ஹென்றி காடார்டு என்பார் அமெரிக்காவில் அறிவு குன்றிய குழந்தைகளைப் பேணும் ஒரு பள்ளியில் ஆய்வு நடத்தி, அங்கிருந்த ஒரு பெண்ணின் குடிவழியைத் திரட்டி 1912இல் நூலாக்கினார். பல தலைமுறைக்கு முன் இறந்தோரையும் அவர் செவிவழிச் செய்தி கொண்டே அறிவிலிகள் என முத்திரையிட்டார். அந்நூலின் சான்றுகள் நிலைபெறாதவை எனப் பின்னர் அறியப்பட்டது. அதற்குள், அத்தகைய குடிவழிப் பட்டியல்களைக் காட்டிப் பலரைக் கருத்தடைக்கு உட்படுத்தும் சட்டங்கள் அமெரிக்க மாநிலங்களிலும், 1933இல் செர்மனியிலும் இயற்றப்பட்டன. ஆராயாது எழுதிய வரலாறு எளியோரை ஒறுக்கும் கருவியாயிற்று.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். குடிவழி வினா மருத்துவ அறிவுக்கு முற்பட்டே குழந்தைகளின் உயிரைக் காத்தது. பின்னர் மரபியலுக்கே வழிகாட்டியது. தமிழ் முறைப்பெயர்கள் வழியையும் மூப்பையும் நுண்ணிதின் காட்டுவன. ஆயினும் மணமுறையை நோக்கி அமைந்தவை ஆதலின் குருதித் தொடர்பை அறிதற்கு அவை மட்டும் போதா. முறைப்பெயரால் தொடங்கி, ரிவர்சு காட்டிய நெறியில் பெற்றோர், மக்கள், கணவன் மனைவி என்று விரித்துக் கேட்டு முடித்தலே தக்கது.

இதில் தமிழாய்வாளர்க்கும் ஒரு பணி உண்டு. வட்டாரந்தோறும் சமூகந்தோறும் முறைப்பெயர்கள் வேறுபடுகின்றன. ஈழத்தில் அம்மான் எனப்படுபவர் இங்குத் தாய்மாமன். ஓரிடத்து ஆச்சி தாயைப் பெற்றவள், மற்றோரிடத்து அவள் தந்தையைப் பெற்றவள். மருத்துவர் கைக்கொள்ளத்தக்க முறையில் இவற்றைத் தொகுத்து, ஒவ்வொரு பெயரும் எவ்வெவரைக் குறிக்கும் என்று வரையறுத்துத் தருதல் மொழிநூலார் செய்யக்கூடியதே. புறநோயாளர் பிரிவில் ஒரு தாய்க்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களே. அந்நேரத்தில் அவள் கூறும் ஒரு முறைப்பெயர் சரியாக உணரப்படுமாயின், தொல்காப்பியர் காலந்தொட்டு நாம் செய்துவரும் சொல்லாராய்ச்சி ஒரு குழந்தைக்கும் பயன்பட்டதாகும்.